அம்மா கூப்பிட்டாலும்

நான் காலைப் பார்த்துப் பிழைக்கிறவன். குதிரைக்கு லாடம் அடிப்பது என் தொழில். முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவர்கள் பாதி நேரம் ஏமாந்துபோகிறார்கள். முகம் நடிக்கும், காலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஒருவர் உங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய செருப்பு முனை வாசல் பக்கம் திரும்பியிருந்தால், அவர் மனசளவில் கிளம்பி அரை மணி நேரம் ஆகிறது என்று அர்த்தம்.

நான் வேலை பார்க்கும் குதிரைப் பள்ளி ஊருக்கு வெளியே, பெரிய சாலையை ஒட்டி இருக்கிறது. ஒரு பக்கம் லாயங்கள், எதிர்ப்பக்கம் தீவன அறையும் அலுவலக அறையும், நடுவில் சிமென்ட் போட்ட முற்றம், முற்றத்தின் ஒரு கோடியில் கம்பி வேலி, மறுகோடியில் இரும்புக் கதவு. கதவைத் தாண்டினால் சாலை. சாலையில் எந்நேரமும் லாரி. இங்கே குழந்தைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுப்பவள் என் தங்கை. அலுவலக அறையில் உட்கார்ந்து போன் எடுப்பவள், தீவனத்துக்குச் சொல்லி அனுப்புபவள், பெற்றோர்களிடம் இனிமையாகவும் என்னிடம் வேறு மாதிரியாகவும் பேசுபவள் என் மனைவி. எங்களுக்கு ஒரே மகள், எட்டு வயது. ஆசை ஆசையாய் ஒரு பெயர் வைத்தோம், பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் அது புழங்குகிறது. மற்றபடி எல்லோருக்கும் அவள் வாலு.

என் மனைவிக்கும் தங்கைக்கும் சண்டை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சண்டையாக இருந்தால் ஒருநாள் போட்டு ஒருநாள் முடிந்திருக்கும். இது பொறாமை. அதற்கு ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை கிடையாது.

என் தங்கைக்குக் கல்யாணமாகி, ஒத்துவராமல் திரும்பி வந்துவிட்டாள். பிள்ளை இல்லை. தீவன அறைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில் தங்கியிருக்கிறாள். வாலு அவளை அத்தை என்று கூப்பிட, மற்ற பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டு அவள் எல்லோருக்கும் அத்தையாகிவிட்டாள். வாலு நடக்கப் பழகியதே அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த முற்றத்தில்தான். என் மனைவிக்குக் குதிரை என்றால் குலை நடுங்கும். அலுவலக ஜன்னலுக்கு உள்ளே நின்றுகொண்டு, கண்ணாடி வழியாகத்தான் மகளின் முதல் நடையைப் பார்த்தாள். அந்த இடத்தில் ஆரம்பித்தது எரிச்சல்.

அப்புறம் அது வளர்வதற்கு உரம் போட்டுக்கொண்டே இருந்தாள் என் மகள். அத்தை மாதிரியே ஒற்றைச் சடை. அத்தை மாதிரியே ஷூவுக்கு இரட்டை முடிச்சு. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் முதல் வாய்க்கு முன்னாலேயே, “அத்தை சொன்னாங்க” என்று தொடங்குவாள். போன மழைக்காலத்தில் அவளுக்கு நல்ல காய்ச்சல். என் மனைவி விடிய விடிய உட்கார்ந்து ஈரத்துணி மாற்றிப் போட்டாள். காலையில் கண்ணைத் திறந்த பிள்ளை கேட்ட முதல் கேள்வி, “அத்தை வந்தாங்களா?”

என் மனைவி சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களை எல்லாம் இன்னொரு தடவை கழுவினாள்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு அந்த மரியாதைகூட இல்லை. இந்தப் போட்டியில் அப்பா என்று ஒரு ஆள் இருப்பதே யாருக்கும் நினைவில்லை. எனக்கும்தான் வயிறு எரிந்தது. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு புதுக் குதிரை வந்து சேர்ந்தது. சாம்பல் நிறப் பெண் குதிரை. எங்கே என்ன பட்டதோ, எதைக் கண்டாலும் மிரண்டது. வாளி உருண்டால் மிரளும், குடை விரிந்தால் மிரளும், நான் தும்மினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வந்த இடத்தில் யாரோடும் ஒட்டாமல் மூலையிலேயே நின்றதால் அதற்குப் புதுப்பொண்ணு என்று பெயர் விழுந்தது. என் தங்கை ஒரு வாரம் அதைக் கவனித்துவிட்டு, “இது ஒருநாள் அவுத்துக்கிட்டு ஓடத்தான் போகுது. பிள்ளைங்களைத் தயார் பண்ணிடணும்” என்றாள்.

சனிக்கிழமைப் பாடம் அப்படித்தான் தொடங்கியது. அவிழ்த்துக்கொண்டு ஓடும் குதிரை வேண்டுமே? நான்தான். கழுத்தில் ஒரு கயிற்றை மாட்டிவிட்டு, “அண்ணா, கொஞ்சம் கிறுக்குத்தனமா ஓடு” என்றாள். அதற்குத் தனியாகப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை.

“குதிரை அவுந்துட்டா முதல்ல என்ன பண்ணணும்?” என்று பிள்ளைகளைக் கேட்டாள்.

“பிடிக்கணும்” என்றது ஒரு குரல். “ஓடணும்” என்றது இன்னொன்று.

“ஒண்ணும் பண்ணக் கூடாது” என்றாள் வாலு. அவளுக்கு முந்தின நாளே தனியாகப் பாடம் நடந்திருந்தது.

“ஒண்ணும் பண்ணாம நிக்கறதுதான் இருக்கறதுலயே கஷ்டமான வேலை” என்றாள் என் தங்கை. “துரத்தினா அது இன்னும் ஓடும். கத்தினா இன்னும் மிரளும். கையை விரிச்சுக்கிட்டு முன்னாடி நின்னா, வழியை அடைக்கறீங்கன்னு முட்டித் தள்ளிட்டுப் போயிடும். நான் ‘மரம்’னு சொன்னதும் நீங்க எல்லாரும் மரம். கை கீழ. கண்ணு கீழ. மரத்தைப் பாத்து எந்தக் குதிரையும் பயப்படாது. சுத்திக்கிட்டுப் போயிடும்.”

தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே என்பார்கள். என் தங்கையின் பாடத்தில் தும்பும் கூடாது, வாலும் கூடாது. கதவுக்குப் பக்கத்தில் இருப்பவர் மட்டும் நடந்து போய்க் கதவைச் சாத்த வேண்டும். நடந்து, ஓடாமல். பிடிப்பது பெரியவர்கள் வேலை. தீவன வாளியை லேசாகக் குலுக்கிக்கொண்டு, நேருக்கு நேர் போகாமல், பின்பக்கமும் போகாமல், தோள் பக்கமாகச் சாய்ந்து நடக்க வேண்டும். ஒரே ஒரு ஆள்தான் பேச வேண்டும். அந்த ஆள் ‘போலாம்’ என்று சொல்லும்வரை மரம் மரமாகவே இருக்க வேண்டும். நான் கனைத்துக்கொண்டு நாலு சுற்றுச் சுற்றினேன். பிள்ளைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள், ஆனால் கால் அசையவில்லை. நான் கால்களைத்தான் பார்த்தேன்.

“கடைசியா ஒண்ணு” என்றாள் என் தங்கை. “அம்மா கூப்பிட்டாலும் ஓடக் கூடாது.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நீங்க இந்தப் பக்கம், அம்மா அந்தப் பக்கம், நடுவுல குதிரை. அம்மாவுக்குப் பயத்துல வேற எதுவும் தோணாது, வா வான்னு கத்துவாங்க. நீங்க ஓடினா அம்மாகிட்டப் போய்ச் சேர மாட்டீங்க, குதிரை காலுக்குள்ளதான் போவீங்க. அதனால, அம்மா கூப்பிட்டாலும் மரம்தான்.”

அலுவலக ஜன்னல் திறந்திருந்தது.

அன்று வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, என் மனைவி ஆரம்பித்துவிட்டாள். “பெத்தவ கூப்பிட்டாப் போகாதேன்னு ஒருத்தி பாடம் எடுக்கறா. நீங்க கழுத்துல கயித்தை மாட்டிக்கிட்டுக் கனைச்சுக்கிட்டு நிக்கறீங்க.”

“குதிரை அவுந்தா மட்டும்தானே சொன்னா.”

“குதிரை அவுந்தா, குதிரை அவுந்தா. அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பான்னுதான் கூப்பிடலாம்.”

வாலு தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். “அத்தைக்கு எதுக்கும்மா மீசை முளைக்கும்?”

பாத்திரம் கழுவும்போது என் மனைவி என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். “நெஜமாவே அவுந்தா அவ யார்கிட்ட ஓடுவா?”

“யார்கிட்டயும் ஓடக் கூடாதுன்னுதானே சொல்லிக் குடுக்கறா.”

“ஓடக் கூடாது, சரி. ஓடினா?”

அவள் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை என் தங்கை அலுவலக வாசலுக்கு வந்து நின்றாள். “அண்ணி, ஒரு உதவி. வேலிக்கு வெளிய நின்னு பிள்ளைங்களைக் கூப்பிடணும். அம்மாவா.”

“அம்மாவா நடிக்கணுமா? நான் எதுக்கு நடிக்கணும்?” என்றாள் என் மனைவி. ஆனாலும் வந்தாள். புடவையைச் செருகிக்கொண்டு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கயிற்றை மாட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன். என் தங்கை ‘மரம்’ என்றாள். பிள்ளைகள் மரமானார்கள்.

“வாலு, வா இங்க” என்றாள் என் மனைவி.

வாலு வரவில்லை. தலை கீழே, கை கீழே. கடைக்கண் மட்டும் அத்தை பக்கம் போய்வந்தது.

“நல்ல மரம்” என்றாள் அத்தை.

“வாலு, வீட்டுக்குப் போகலாம், வா.”

மரம் அசையவில்லை. அசையாததோடு, அதன் உதட்டோரம் ஒரு பெருமைச் சிரிப்பு வேறு. என் மனைவியும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். நான் குனிந்து ஓடும்போது பார்த்தேன். அவள் கால்விரல்கள் செருப்பை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தன. பாடம் அந்த இடத்திலேயே முடிந்திருக்க வேண்டும். நான் குதிரையாக இல்லாமல் மனுஷனாக இருந்திருந்தால் நிறுத்தியிருப்பேன்.

அவள் குனிந்து இரண்டு கைகளையும் கம்பி வழியாக நீட்டினாள். குரலைத் தாழ்த்தி, “சுண்டெலி” என்றாள்.

அந்தப் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாலு நாள் குறைவாகப் பிறந்தவள். பிறந்தபோது உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரிது. ஆஸ்பத்திரியில் அவளை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு என் மனைவி மட்டும் கூப்பிட்ட பெயர் அது. இன்றைக்கும் விளக்கை அணைத்த பிறகு, தூங்க வைக்கும்போது மட்டும்தான் கூப்பிடுவாள். எனக்கே அந்தப் பெயரைச் சொல்ல அனுமதி கிடையாது.

வாலுவின் குதிகால் தரையை விட்டு எழுந்தது. அடுத்த நொடி ஓடினாள். குறுக்கே ஓடிக்கொண்டிருந்த குதிரையின் மேல், அதாவது என் மேல், முழங்காலில் மோதி விழுந்தாள். நானும் விழுந்தேன். முட்டி சிராய்த்துவிட்டது அவளுக்கு. அப்படியே எழுந்து போய் அம்மாவின் கைகளுக்குள் புகுந்துகொண்டாள்.

என் மனைவி அவளைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, அவள் தலைக்கு மேலாக என் தங்கையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மருந்துக்கும் வருத்தம் இல்லை. பந்தயத்தில் ஜெயித்தவள் பார்க்கும் பார்வை அது.

“சுண்டெலியா?” என்றது ஒரு பிள்ளை. அவ்வளவுதான். முற்றம் முழுக்கச் சுண்டெலி, சுண்டெலி என்று ஓடியது. வாலு அம்மாவின் கையை உதறினாள். முகம் சிவந்துவிட்டது. “ஏம்மா அப்படிக் கூப்பிட்ட? அது வீட்டுப் பேரு” என்று சொல்லிவிட்டு, தீவன அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பல நாள் அவள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் தங்கை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை அம்மாவாக நிற்க வேறொரு பிள்ளையின் தாயைக் கூப்பிட்டாள். கனத்த கண்ணாடி போட்ட ஒரு பெண் குழந்தை உண்டு, எல்லோரும் அவளைக் கண்ணாடிக்காரி என்போம். அவளுடைய அம்மாதான் வந்து நின்று கூப்பிட்டாள்.

“அம்மா வேஷத்துக்குக்கூட ஆளை மாத்திட்டா உங்க தங்கச்சி” என்றாள் என் மனைவி. சிரிப்பாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு, பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்த ஒரு நாள் மதியம். காற்று கொஞ்சம் அதிகம். பிள்ளைகள் நாலைந்து பேர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள், வாலுவும் அங்கே. கண்ணாடிக்காரி கதவோரம் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். என் தங்கை லாயத்தின் கடைசியில் இன்னொரு குதிரைக்குச் சேணம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் புதுப்பொண்ணின் முன்னங்காலை என் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு குளம்பை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் குதிரையை வளையத்தில் நேராகக் கட்டுவதில்லை. வளையத்தில் ஒரு சணல் கயிறு, அந்தச் சணலில்தான் குதிரையின் கயிறு. மிரண்டு இழுத்தால் குதிரையின் கழுத்துக்கு ஒன்றும் ஆகாமல் சணல் அறுந்துபோகட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. அன்று அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. தீவன மூட்டைகள் மேல் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் தாள் காற்றில் எழும்பிப் படபடவென்று அடித்தது. புதுப்பொண்ணு பின்னால் இழுத்தாள், சணல் அறுந்தது, அவள் தோள் என்னை இடித்தது. குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். என் மேல் குழி பறிக்கவில்லை, என் கருவிகள் வைத்த இரும்புப் பெட்டியை உதைத்துத் தள்ளினாள். அது என் கெண்டைக்கால் மேல் விழுந்தது. எழுந்திருக்க முடியவில்லை. கன்னத்தைச் சிமென்டில் வைத்துக்கொண்டு, முற்றத்தின் தரைமட்டத்தில் கிடந்தேன். அங்கிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்.

முதலில் நாலு குளம்புகள். தொங்கிய கயிறு பின்னால் பாம்பு மாதிரி இழுபட, அது தன்னைத் துரத்துவதாக நினைத்து இன்னும் மிரண்டாள். முற்றத்தின் நடுவில் ஒரு வட்டம் அடித்தாள்.

“குதிரை” என்றாள் என் தங்கை. கத்தவில்லை. சாப்பிட வா என்று சொல்கிற குரல். “எல்லாரும் மரம்.”

தொட்டிப் பக்கம் இருந்த சின்ன ஷூக்கள் எல்லாம் நின்றன. கதவோரம் ஒரு ஷூவும் ஒரு வெறுங்காலும் நடந்து போயின. நடந்து. இரும்புக் கதவின் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரி நாளைக்கு நெடுநெடுவென்று வளர்ந்து எங்கே போனாலும், எனக்கு அவள் அந்த ஒற்றை ஷூவோடு நடந்த பிள்ளைதான்.

அப்போது அலுவலகக் கதவு திறந்தது. செருப்புப் போட்ட இரண்டு கால்கள் வாசற்படிக்கு வந்து நின்றன. என்னைப் போனுக்குக் கூப்பிட வந்திருக்கிறாள் என் மனைவி. அவளுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில்தான் புதுப்பொண்ணு சுற்றிக்கொண்டிருந்தாள். கதவு சாத்தியிருப்பதைக் கண்டு திரும்பி, முற்றத்தின் நடுவழியாக மறுபடி வேகமெடுத்தாள்.

நான் தொட்டிப் பக்கம் பார்த்தேன். இரட்டை முடிச்சுப் போட்ட ஷூ. அதன் வலது குதிகால் தரையை விட்டு எழுந்திருந்தது. முனை அம்மாவைப் பார்த்திருந்தது.

“மரம்” என்றாள் என் தங்கை மறுபடியும், அதே குரலில். வாளியைக் குலுக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள், ஆனால் தூரத்தில்.

குதிகால் இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் எழுந்தது. இடது காலும் அசைந்தது. வாலுவின் வாயிலிருந்து “அம்மா” என்று ஒரு மூச்சு மட்டும் வந்தது. அத்தை இல்லை. அம்மா.

என்னால் கத்த முடியாது. கத்தினால் அந்த மிரண்ட பிராணி எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்கும் தெரியாது. தலையைக் கொஞ்சம் தூக்கி என் மனைவி முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் அவள் கேட்டு ஏங்கிய ஒன்று, முற்றத்துக்கு அந்தப் பக்கம் நின்று தன்னைப் பார்த்துக் காலைத் தூக்குகிறது. வா என்று சொல்லக்கூட வேண்டாம். கையைக் கொஞ்சம் அசைத்தால் போதும். ஏன், சும்மா பார்த்துக்கொண்டு நின்றாலே போதும், பிள்ளை வந்துவிடும். குதிரை காலுக்குள் வந்துவிடும்.

என் மனைவி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு திரும்பினாள். வாசற்படியில் நின்றபடியே, முதுகை மகளுக்குக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றாள். செருப்பின் குதிகால் இரண்டும் வாலுவைப் பார்த்தன. நான் எத்தனையோ கால்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி நடுங்கிக்கொண்டு, அப்படி ஊன்றி நின்ற கால்களைப் பார்த்ததில்லை.

வாலு அந்த முதுகைப் பார்த்தாள். அவள் குதிகால் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. கை கீழே போனது. தலை குனிந்தது.

புதுப்பொண்ணு அவளுக்கு முன்னால், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், சிமென்டில் லாடம் பட்டுப் பொறி தெறிக்க ஓடினாள். நகராத மரங்களைச் சுற்றிக்கொண்டு போனாள். போக வழியில்லாமல் மூலையில் நின்றாள். விலா ஏறி இறங்கியது. என் தங்கை அவளைப் பார்க்காதவள் போலச் சாய்ந்து சாய்ந்து நடந்து, வாளியைக் குலுக்கி, தோள் பக்கமாக நின்று ஏதோ முணுமுணுத்தாள். கொஞ்ச நேரத்தில் வாளிக்குள் மூக்கு போனது. கயிறு கைக்கு வந்தது.

“போலாம்” என்றாள்.

பிள்ளைகள் கலைந்தார்கள். இரண்டு பேர் வந்து என் மேல் கிடந்த பெட்டியை நகர்த்தினார்கள். வாலு ஓடவில்லை. முற்றத்தைக் கடந்து நடந்து போனாள். என் மனைவி இன்னும் சுவரைப் பார்த்தபடிதான் நின்றாள்.

“அம்மா, அத்தை போலாம்னு சொல்லியாச்சு. நீ திரும்பலாம்.”

அவள் திரும்பினாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. 

“எதுக்கும்மா திரும்பிக்கிட்ட?”

“பாத்தா நீ வந்துருவேன்னு.”

வாலு கொஞ்சம் யோசித்தாள். “வந்திருப்பேன்” என்றாள். பிறகு எட்டி, அம்மாவின் காதருகே ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும், ஏனென்றால் என் மனைவி அதற்கு, “சரி, இனிமே வெளிய கூப்பிட மாட்டேன்” என்றாள்.

அன்று சாயங்காலம் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நான் தொட்டியோரம் உட்கார்ந்திருந்தேன். என் தங்கை வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். என் மனைவி அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வந்தாள். வேலிக்கு வெளியே அல்ல, உள்ளேயே வந்து நின்றாள். நன்றி சொல்லத்தான் வந்தாள். ஆனால் அவள் வாய் அப்படிப் பழகவில்லை.

“நீதான் ஜெயிச்ச” என்றாள். “உன் பாடப்படிதான் நின்னா.”

என் தங்கை வாளியைக் கவிழ்த்து வைத்தாள். “நான் எங்க அண்ணி ஜெயிச்சேன்? ரெண்டு தடவை மரம்னு சொன்னேன். அவ காலை இறக்கலையே. நீங்க திரும்பினப்புறம்தான் இறக்கினா.”

என் மனைவி தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“அம்மா கூப்பிட்டாலும் ஓடாதேன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்ல, அது உங்களுக்குக் கோவம். தெரியும்” என்றாள் என் தங்கை. “அத்தை கூப்பிட்டாலும்னு நான் சொல்லிக் குடுக்கல, கவனிச்சீங்களா? அதுக்குத் தேவையே வரல. அத்தை கூப்பிட்டான்னு குதிரைக்குக் குறுக்க எந்தப் பிள்ளையும் ஓடாது அண்ணி.”

சாதாரணமாகத்தான் சொன்னாள், அடுத்த வாளியை எடுத்தபடியே. நான் அவள் பூட்ஸைப் பார்த்தேன். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்த்து உள்பக்கமாகத் திரும்பியிருந்தன. சின்ன வயதில் அவளை யாராவது விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாதபோது அவள் கால் அப்படித்தான் திரும்பும். இத்தனை வருஷம் பொறாமை ஒரு பக்கம்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த நானும் ஒரு முட்டாள்.

அடுத்த சனிக்கிழமை நொண்டிக் குதிரையாக நான் ஓடினேன். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். என் தங்கை வழக்கம்போல எல்லாவற்றையும் சொல்லி முடித்து, “கடைசியா ஒண்ணு, அம்மா கூப்பிட்டாலும்” என்று தொடங்கினாள்.

“அத்தை கூப்பிட்டாலும்” என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினோம். என் மனைவி முற்றத்துக்குள், பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். குதிரைகளைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினாள். “அம்மா கூப்பிட்டாலும் ஓடக் கூடாது, அத்தை கூப்பிட்டாலும் ஓடக் கூடாது. ரெண்டையும் பழகணும். நீ போய் வேலிக்கு அந்தப் பக்கம் நில்லு. மரம் நான் சொல்றேன்.”

என் தங்கை அவளைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். வேலிக்கு வெளியே போய், இதுவரை அம்மாக்கள் மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். இத்தனை பிள்ளைகளுக்குக் கட்டளையிட்ட குரல் அன்று சரியாக வரவில்லை.

“வாலு, வாம்மா” என்றாள்.

நான் கனைத்துக்கொண்டே நொண்டினேன். கண் மட்டும் தரையில். இரட்டை முடிச்சுப் போட்ட ஷூ அசையாமல் இருந்தது. அப்புறம் வலது குதிகால், ஒரு நெல்மணி நுழைகிற அளவு, எழுந்தது. உடனே இறங்கிவிட்டது.

“நல்ல மரம்” என்றாள் என் மனைவி. குரலில் கொஞ்சம் புளிப்பு.

வீட்டுக்குப் போகும் வழியில், வாலு முன்னால் குதித்துக்கொண்டு போக, என் மனைவி என்னிடம், “நானும் பாத்தேன்” என்றாள். “காலைத் தூக்கினா.”

“அந்த ஐடியாவே உன்னோடதுதானே.”

“ஆமா. என்னோடதுதான். இருந்தாலும் வயிறு எரியுது. எரியட்டும், என் வயிறு, நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் புதுப்பொண்ணுக்கு அந்தப் பாதியில் நின்ற லாடத்தை அடித்து முடித்தேன். என் தங்கை அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு கயிற்றைப் பிடித்திருந்தாள். கடைசி ஆணி இறங்கியதும் கேட்டாள்.

“அண்ணா, நேத்து நீ கீழதானே பாத்துக்கிட்டு இருந்த?”

“ஆமா.”

“அவ கால்...”

“தூக்கினா.”

“எவ்வளவு?”

பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, நடுவில் அந்த நெல்மணி இடைவெளியை விட்டு, அவளுக்குக் காட்டினேன். நான் அளவில் பொய் சொல்வதில்லை, தொழில் அப்படி. அவள் அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“போதும்” என்றாள்.